இரண்டு ஸ்பிரிங் சேர்ந்தால் விறைப்பு கூடுமா, குறையுமா? வீட்டு வளவிலேயே செய்து பார்க்க முழு வழிகாட்டி

தங்கச்சி பிரசவத்துக்குக் கானாடுகாத்தான் வீட்டுக்கு வந்திருந்தபோது வளவு உத்தரத்தில் தொட்டில் கட்டினோம். கடையில் வாங்கிய தொட்டில் ஸ்பிரிங் கொஞ்சம் தொய்வாக இருக்கிறது என்று அப்பச்சிக்குத் தோன்றியது. உடனே அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்து, முதல் ஸ்பிரிங்கின் கீழ்க் கொக்கியிலேயே மாட்டிவிட்டார். "ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு தாங்கும்ல" என்றார். பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் 8 கிலோ அரிசியைத் தொட்டிலில் வைத்துப் பார்த்தோம், தொட்டில் முன்பைவிட இரண்டு மடங்கு இறங்கியது. அப்பச்சி என்னைப் பார்த்தார். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறவன் என்பதால் பதில் என்னிடம் இருந்தது, ஆனால் வாயால் சொன்னதில் அவருக்குத் திருப்தி இல்லை. "நீ சொல்றது சரி, ஆனா ஏன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று சாயங்காலம் சின்ன ஸ்பிரிங்குகளை வைத்து அவருக்குச் செய்து காட்டியதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன். பள்ளி ஆய்வகம் தேவையில்லை, 100 ரூபாய்ப் பொருளும் ஒரு முழு மதியமும் இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை படுக்கும் தொட்டிலிலோ ஆள் உட்காரும் ஊஞ்சலிலோ இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். சின்ன ஸ்பிரிங்கும் தண்ணீர் பாட்டிலும் போதும், கணக்கு ஒன்றேதான்.

விறைப்பு என்று எதைச் சொல்கிறோம்

பாடப்புத்தகத்தில் சுருள்வில் மாறிலி என்று இருக்கும். ஒரு ஸ்பிரிங்கை ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதுதான் அது. எண் பெரிதானால் ஸ்பிரிங் விறைப்பானது, சிறிதானால் தொய்வானது. இதைக் 'கே' என்று குறிப்போம். விசை = கே × நீட்சி, அவ்வளவுதான் ஹூக் விதி.

ராபர்ட் ஹூக் இதை 1676-இல் ஒரு புதிர் மாதிரி வெளியிட்டார். லத்தீன் வாக்கியம் ஒன்றின் எழுத்துகளைக் கலைத்து அகர வரிசையில் அடுக்கி அச்சிட்டுவிட்டு, 1678-இல்தான் விடையைச் சொன்னார்: நீட்சி எப்படியோ விசை அப்படி. அவர் சொன்ன சோதனைகளில் ஒன்று, 20, 30, 40 அடி நீளக் கம்பியை மேலே ஆணியில் கட்டி, கீழே தட்டு தொங்கவிட்டு, எடையை ஒவ்வொன்றாக ஏற்றி, தட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளப்பது. நம் வளவு உத்தரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். நாம் செய்யப்போவதும் கிட்டத்தட்ட அதேதான்.

என்னென்ன வேண்டும்

ஹார்டுவேர் கடையில் இரண்டு முனையிலும் கொக்கி உள்ள இழுவை ஸ்பிரிங் என்று கேளுங்கள். ஒரே பெட்டியிலிருந்து நான்கு வாங்குங்கள். விரல் நீளம், மெல்லிய கம்பி, கையால் இழுத்தால் சுலபமாக நீள வேண்டும். பேனா ஸ்பிரிங் உதவாது, அது அமுக்குவதற்காகச் செய்தது. சைக்கிள் ஸ்டாண்டு ஸ்பிரிங்கும் வேண்டாம், அது இந்த எடைக்கெல்லாம் அசையாது.

எடைக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். கழுத்தில் நூல் கட்டி, காலி பாட்டிலை மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் வைத்து, பாட்டிலோடு சேர்த்து 100 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். அப்புறம் 200, 300 என்று 600 வரை. இந்த ஒரு வேலைக்குக் கடைக்காரரிடம் பத்து நிமிஷம் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். கோடு போட்டுவிட்டால் பிறகு வீட்டில் தராசே தேவையில்லை. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பித்தளை எடைக்கற்களைப் பயன்படுத்தலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அவற்றில் பல மெட்ரிக் முறை வருவதற்கு முந்தைய சேர், பலம் கணக்கில் செய்தவை, தேய்ந்தும் போயிருக்கும். தராசில் நிறுத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இவை போக ஒரு மீட்டர் இரும்பு ஸ்கேல் அல்லது ஆசாரியிடம் இருக்கும் டேப், 35 சென்டிமீட்டர் அளவில் வளையாத ஒரு மரச்சட்டம், குண்டூசி, செல்லோடேப், நூல், சின்னக் கண்ணாடித் துண்டு, வரைபடத் தாள். கொத்தனார் யாராவது வீட்டில் இருந்தால் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் நிறையப் பயன்படும்.

கட்டி வைப்பது

மேலே மாட்டும் இடம் அசையக் கூடாது. ஊஞ்சல் கொக்கி இருந்தால் அதுவே போதும், அதிலிருந்து உறுதியான கயிற்றைக் கண் உயரத்துக்கு இறக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அவ்வளவு நீளக் கயிறு காற்றில் ஆடும், எடை ஏற்றினால் கயிறே கொஞ்சம் நீளும், அந்த நீட்சியும் ஸ்பிரிங் கணக்கில் சேர்ந்துவிடும். நிலைக்கதவின் மேல்சட்டத்தில் ஆணி அடிக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் (நூறு வருஷத்துத் தேக்கில் ஆணி அடித்தால் ஆச்சி என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்). அதனால் இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகாக, நடுவில் இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே கனமான கம்பை வைத்துக் கட்டி அதிலிருந்து தொங்கவிடுவதுதான் நல்லது. ஆத்தங்குடிக் கல் தரை வழுக்கும், நாற்காலிக் காலுக்கு அடியில் ஈரச் சாக்கைப் போடுங்கள். முற்றத்துக் காற்று நேராக அடிக்காத மூலையாக இருந்தால் நல்லது.

ஸ்கேலைத் தூக்குக்குண்டு நூலோடு ஒட்டிப் பார்த்து நேர் செங்குத்தாக நிறுத்துங்கள். பாட்டில் நூலின் மேல் முடிச்சில் குண்டூசியைக் கிடையாக ஒட்டுங்கள், அதுதான் முள். ஸ்கேலுக்குப் பக்கத்தில் கண்ணாடித் துண்டை ஒட்டி, ஊசியும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒன்றை ஒன்று மறைக்கும் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய் அளவு எடுங்கள். குனிந்தோ எட்டிப் பார்த்தோ எடுத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறும். பின்னால் பார்க்கப் போகிறோம், இந்தச் சோதனையில் ஒரு மில்லிமீட்டருக்கே மதிப்பு உண்டு.

முதலில் ஒவ்வொன்றையும் தனியாக அளங்கள்

பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டு விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான். "ஒரே பெட்டி ஸ்பிரிங்தானே சார், ஒன்றை அளந்தால் போதாதா?" போதாது. ஒரே பெட்டியிலும் வித்தியாசம் இருக்கும். ஸ்பிரிங்குகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று டேப் ஒட்டிப் பெயர் வையுங்கள்.

ஸ்பிரிங்கை மட்டும் தொங்கவிட்டு அதன் கீழ்க் கொக்கி நிற்கும் இடத்தைக் குறியுங்கள், நீட்சியை அங்கிருந்துதான் கணக்கிட வேண்டும். அப்புறம் 100 கிராமிலிருந்து 500 கிராம் வரை ஏற்றி, ஒவ்வொரு கோட்டிலும் ஆட்டம் நின்ற பிறகு அளவெடுங்கள். பிறகு தண்ணீரைக் குறைத்துக்கொண்டே 100 வரை இறங்கி, மறுபடியும் அளவெடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் வந்த அளவுகள் ஒரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. இறங்கும்போது ஸ்பிரிங் பழைய இடத்துக்கு வராமல் நீண்டே நின்றால் அது மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது, அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுங்கள். அதற்காகத்தான் நான்கு வாங்கச் சொன்னேன்.

என் நோட்டில் 'அ' ஸ்பிரிங்குக்கு எழுதியிருப்பது இது:

100 கிராம்: 24 மி.மீ. நீட்சி
200 கிராம்: 63
300 கிராம்: 104
400 கிராம்: 143
500 கிராம்: 183

இப்போது பாருங்கள். 100 கிராம் என்பது காரைக்குடிப் பக்கம் 0.978 நியூட்டன் (நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஈர்ப்பு முடுக்கம் 9.78, புத்தகத்தில் இருக்கும் 9.8 என்று போட்டாலும் பெரிய நஷ்டமில்லை). முதல் வரிசையை எடுத்து விசையை நீட்சியால் வகுத்தால் 0.978 ÷ 0.024 = சுமார் 41. கடைசி வரிசையை எடுத்து வகுத்தால் 4.89 ÷ 0.183 = சுமார் 27. ஒரே ஸ்பிரிங்குக்கு இரண்டு விறைப்பா? நிறையப் பிள்ளைகள் இங்கேதான் பயந்துபோய் அளவுகளைத் திருத்த ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள், உங்கள் அளவு சரிதான்.

காரணம் ஸ்பிரிங்கின் பிறப்பில் இருக்கிறது. இழுவை ஸ்பிரிங்கைச் சுற்றும்போதே சுற்றுகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொள்ளும்படி சுற்றுகிறார்கள். அந்த ஆரம்ப இறுக்கத்தை வெல்லும்வரை ஸ்பிரிங் அசையவே அசையாது. காலி பாட்டிலை மாட்டிப் பாருங்கள், முள் நகராது. என் ஸ்பிரிங்குக்கு ஏறக்குறைய 40 கிராம் வரை எதுவும் நடக்கவில்லை, அதன் பிறகுதான் சுற்றுகள் பிரிய ஆரம்பித்தன. அதனால் மொத்த விசையை மொத்த நீட்சியால் வகுக்கக் கூடாது. விசை எவ்வளவு கூடினால் நீட்சி எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். 100-லிருந்து 500 வரை விசை 3.912 நியூட்டன் கூடியது, நீட்சி 159 மி.மீ. கூடியது. 3.912 ÷ 0.159 = 24.6 நியூட்டன்/மீட்டர்.

வரைபடத் தாளில் நீட்சியைக் கிடை அச்சிலும் விசையைச் செங்குத்து அச்சிலும் போட்டு, ஐந்து புள்ளிகளுக்கும் பொதுவாக ஒரு நேர்கோடு இழுங்கள். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது, செங்குத்து அச்சை 0.39 நியூட்டன் பக்கத்தில் வெட்டும். அந்த வெட்டும் இடம்தான் ஆரம்ப இறுக்கம், கோட்டின் சாய்வுதான் விறைப்பு. ஆதிப்புள்ளி வழியாகக் கோட்டை வலுக்கட்டாயமாக இழுத்தால் எல்லாம் கெட்டுவிடும். சாய்வை எடுப்பதில் இன்னொரு வசதியும் உண்டு: நூல், முள், கொக்கி எல்லாவற்றின் எடையும் எல்லா அளவிலும் ஒரே மாதிரி சேர்வதால் சாய்வைத் தொடாது.

'ஆ' ஸ்பிரிங்குக்கு 25.4, 'இ'-க்கு 25.1 வந்தது. இவை மூன்றும்தான் இனி நம் கையிருப்பு.

ஒன்றுக்குக் கீழ் ஒன்று: தொடரிணைப்பு

அப்பச்சி செய்தது இதுதான். 'அ'-வின் கீழ்க் கொக்கியில் 'ஆ', அதன் கீழே பாட்டில். அளப்பதற்கு முன்னால் என்ன வரும் என்று நோட்டில் எழுதிவையுங்கள், இதை நான் எல்லா மாணவர்களிடமும் பிடிவாதமாகக் கேட்பேன்.

யோசிக்கும் வழி இப்படி. கிணற்றுக் கயிறு எட்டாமல் இரண்டு கயிற்றை முடிச்சுப் போட்டு வாளி இறைத்திருப்பீர்கள். முடிச்சுக்கு மேலே உள்ள கயிறு வாளியின் பாரத்தைப் பாதியாகவா சுமக்கிறது? இல்லை, முழுசாகத்தான் சுமக்கிறது. கீழே உள்ளதும் முழுசாகத்தான் சுமக்கிறது. ஸ்பிரிங்கும் அப்படியே. பாட்டிலின் எடை இரண்டு ஸ்பிரிங்கிலும் முழுசாக இறங்குகிறது, இரண்டும் தனியாக இருந்தால் எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீளும், கீழே நிற்கிற முள்ளுக்கு இரண்டு நீட்சியும் கூடித் தெரியும். விசை ஒன்று, நீட்சி இரண்டு. அதனால்:

1/கே = 1/கே1 + 1/கே2

கையால் போட வசதியாக, இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டலால் வகுங்கள். 24.6 × 25.4 ÷ 50.0 = 12.5 நியூட்டன்/மீட்டர். விறைப்பு பாதியாகிவிட்டது.

நான் அளந்தபோது 100-லிருந்து 500 கிராமுக்குள் 316 மி.மீ. கூடியது. 3.912 ÷ 0.316 = 12.4. எதிர்பார்த்த எண்ணுக்கும் இதற்கும் நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசமில்லை. கீழ் ஸ்பிரிங்கின் எடையையும் மேல் ஸ்பிரிங் சுமக்கிறதே என்று கேட்கலாம், நல்ல கேள்வி. அது எல்லா அளவிலும் மாறாமல் இருப்பதால் சாய்வில் வராது. வரைபடத்தில் செங்குத்து அச்சை வெட்டும் இடத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். தொடரில் ஆரம்ப இறுக்கம் இரண்டு மடங்காகவில்லை, கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நிற்கிறது. இரண்டு ஸ்பிரிங்குக்கும் அதே விசைதான் போய்ச் சேர்கிறது என்பதற்கு இதுவும் சாட்சி.

தொட்டிலுக்கு வருவோம். ஒரு தொட்டில் ஸ்பிரிங்கின் விறைப்பு 400 நியூட்டன்/மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 8 கிலோவுக்கு அது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இறங்கும். தொடராக இரண்டு மாட்டினால் 39 சென்டிமீட்டர். அதைவிட முக்கியமானது, தாங்கும் சக்தியும் கூடுவதில்லை. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் முழு எடையைத்தான் சுமக்கிறது, ஒரு கொக்கி விட்டால் எல்லாமே கீழே. முன்பு இரண்டு கொக்கிக்குப் பயப்பட்டோம், இப்போது நான்கு கொக்கிக்குப் பயப்பட வேண்டும். அப்பச்சிக்கு இந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது, அன்றே இரண்டாவது ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டார்.

பக்கத்தில் பக்கத்தில்: பக்க இணைப்பு

இப்போது மேல் கம்பில் 'அ'-வையும் 'ஆ'-வையும் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் மாட்டி, கீழே மரச்சட்டத்தை இரண்டு கொக்கியிலும் கோத்து, சட்டத்தின் நடுவில் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். இரண்டு பேர் ஒரு கம்பில் குடத்தை மாட்டித் தூக்கிப் போவதைப் போல. பாரம் பாதிப் பாதியாகிறது, நீட்சி இருவருக்கும் ஒன்று. அதனால் விறைப்புகள் நேராகக் கூடும்:

கே = கே1 + கே2 = 24.6 + 25.4 = 50.0

அளக்கும்போது 100 கிராமிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இங்கே ஆரம்ப இறுக்கமும் இரண்டு மடங்கு, சட்டத்தோடு சேர்த்து 80 கிராம் வரை எதுவும் நகராது. 200-லிருந்து 600 வரை எடுங்கள். எனக்கு 80 மி.மீ. வந்தது, அதாவது 48.9. எதிர்பார்த்ததற்கு நூற்றுக்கு இரண்டு குறைவு.

இது தவறா? ஸ்கேலில் மில்லிமீட்டருக்குக் கீழே பார்க்க முடியாது. தொடரிணைப்பில் 316 மி.மீட்டரில் ஒன்றிரண்டு தவறினால் அது ஒன்றுமே இல்லை, ஆனால் 80 மி.மீட்டரில் ஒரு மி.மீ. மேல், ஒரு மி.மீ. கீழ் தவறினாலே நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போய்விடும். அதனால் 48.9-ம் 50.0-ம் ஒத்துப்போகின்றன என்றுதான் எழுத வேண்டும், அப்படியே எழுதுங்கள். ரெக்கார்டு நோட்டில் 50.0 என்று மாற்றி எழுதுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் வேரோடிப் போயிருக்கிறது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். எவ்வளவு தவறலாம் என்று கணக்குப் போட்டு, அந்த எல்லைக்குள் வந்ததைக் காட்டுவது எவ்வளவோ உயர்ந்த விடை. எல்லைக்கு வெளியே போனால் மரச்சட்டம் நடுவில் வளைகிறதா என்று பாருங்கள், பிளாஸ்டிக் ஸ்கேலைச் சட்டமாக வைத்தவர்கள் எல்லோரும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

இனி, புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துபோகிற ஒரு விஷயம். கூட்டல் கணக்கு சரியாக வர இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே அளவு நீள வேண்டும், அதாவது சட்டம் மட்டமாகவே இறங்க வேண்டும். நம் 'அ'-வும் 'ஆ'-வும் கிட்டத்தட்ட சமம் என்பதால் பிரச்சினை வரவில்லை. விறைப்பு 20 உள்ள ஒன்றையும் 60 உள்ள ஒன்றையும் மாட்டி நடுவில் பாரத்தைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? நடுவில் தொங்கினால் பாரம் சரிபாதியாகத்தான் பிரியும். 2 நியூட்டன் கூட்டினால் ஆளுக்கு 1 நியூட்டன். தொய்வானது 50 மி.மீ. இறங்கும், விறைப்பானது 17 மி.மீ.கூட இறங்காது, சட்டம் சாயும், நடுவில் இருக்கும் முள் 33 மி.மீ. காட்டும். 2 ÷ 0.033 = 60. கூட்டினால் 80 வர வேண்டும், வந்தது 60! ஹூக் விதி பொய்யாகவில்லை, நீங்கள் செய்தது பக்க இணைப்பே இல்லை.

குடம் தூக்குகிறவர்களுக்கு இது தெரியும். வலுவான ஆள் பக்கம் குடத்தை நகர்த்துவார்கள். நீங்களும் பாரத்தை விறைப்பான ஸ்பிரிங் பக்கம் நகர்த்துங்கள், விறைப்பின் விகிதத்துக்குத் தலைகீழாக. 20-க்கும் 60-க்கும் தூரம் மூன்றுக்கு ஒன்று: 30 சென்டிமீட்டர் இடைவெளியில் 60 பக்கத்திலிருந்து 7.5 சென்டிமீட்டரில் தொங்கவிட வேண்டும். அப்போது சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்தால் எடை ஏற ஏறக் குமிழ் ஒரே இடத்தில் நிற்கும், விடையும் 80 வரும். (ரசமட்டத்தைச் சோதித்துவிட்டு எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அளக்கும் முழு நேரமும் அங்கேயே இருக்கட்டும். பாதியில் எடுப்பதுதான் தப்பு.)

பக்க இணைப்பை வெளியே தேட வேண்டியதில்லை. பழைய வில்வண்டியிலும் லாரிக்கு அடியிலும் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கும் வில்லைப் பாருங்கள். எல்லாப் பட்டையும் சேர்ந்து வளைகின்றன, பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, பட்டை கூடக் கூட விறைப்பு கூடும். மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கிற ஷாக் அப்சார்பரும் இதே கணக்குதான்.

மின்சாரப் பாடத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. மின்தடைக்குத் தொடரில் கூட்டுகிறோம், ஸ்பிரிங்குக்குப் பக்க இணைப்பில் கூட்டுகிறோம், மின்தேக்கி ஸ்பிரிங் மாதிரி. மனப்பாடம் செய்ய வேண்டாம். எது பொது, எது பங்கு என்று கேளுங்கள்: விசை பொதுவா, நீட்சி பொதுவா? சூத்திரம் தானாக வரும்.

மூன்றையும் கலந்து

'அ', 'ஆ' இரண்டையும் பக்கவாட்டில் வைத்து, சட்டத்தின் நடுவிலிருந்து 'இ'-யைத் தொங்கவிட்டால்: முதலில் 50.0, அது 25.1-ஓடு தொடரில், 50.0 × 25.1 ÷ 75.1 = 16.7. இது சுலபம், கட்டியவுடன் வேலை செய்யும்.

அடுத்தது கொஞ்சம் பொறுமை கேட்கும். 'அ'-வும் 'ஆ'-வும் தொடராக ஒரு பக்கம், 'இ' தனியாக மறுபக்கம். 12.5 + 25.1 = 37.6. தொடர்ப் பக்கம் நீளம் அதிகம் என்பதால் 'இ'-க்கு மேலே நூல் கட்டி நீளத்தைச் சரிக்கட்ட வேண்டும். விறைப்பு ஒன்றுக்கு இரண்டு என்பதால் பாரம் 'இ'-யிலிருந்து 10 சென்டிமீட்டரில். 200 கிராமில் சட்டம் சாய்ந்திருந்தால் நூலை இழுத்தோ விட்டோ மட்டமாக்குங்கள். இடம் சரியாக இருந்தால் அதன் பிறகு 600 வரை சாயாது. சாய்ந்துகொண்டே போனால் பாரம் தொங்கும் இடம் தவறு.

ஆட்டிப் பார்த்துச் சரிபார்க்க

அளவுகோலே இல்லாமல் விறைப்பைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு, முதல் வழியில் வந்த விடையை நம்பலாமா என்று இது சொல்லிவிடும். பாட்டிலைக் கொஞ்சம் கீழே இழுத்து விட்டால் மேலும் கீழும் ஆடும். ஓர் அலைவுக்கான நேரம் = 2 × பை × (நிறை ÷ கே)-இன் வர்க்கமூலம். இதற்கு மட்டும் தண்ணீருக்குப் பதில் காய்ந்த மணலைப் போடுங்கள், தண்ணீர் உள்ளே தளும்பித் தாளத்தைக் கெடுக்கும். பாட்டிலோடு 300 கிராம் எடுத்து, ஒன்றரை சென்டிமீட்டர் மட்டும் இழுத்து விடுங்கள். அதிகம் இழுத்தால் மேலே போகும்போது சுற்றுகள் ஒட்டிக்கொண்டு டக் டக் என்று இடிக்கும், அப்புறம் கணக்கு செல்லாது.

போன் ஸ்டாப்வாட்சில் 20 அலைவுக்கு நேரம் எடுங்கள். ஒரு ஸ்பிரிங் என்றால் சுமார் 13.8 வினாடி, தொடரில் 19.5, பக்க இணைப்பில் 9.7 வர வேண்டும். உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தால் காரணம் தெளிவு: ஸ்பிரிங்கும் சேர்ந்து ஆடுகிறது. ஒற்றை ஸ்பிரிங்கில் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கை நிறையோடு சேர்த்தால் சரியாகிவிடும். பக்க இணைப்பில் மரச்சட்டம் முழுசாக ஆடுவதால் அதன் எடையை அப்படியே சேர்க்க வேண்டும், இதை மறந்துவிட்டுத்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

நான்கு மடங்கு விறைப்பு மாறினால் நேரம் இரண்டு மடங்குதான் மாறும். தொடருக்கும் பக்கத்துக்கும் உள்ள 19.5-ஐயும் 9.7-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் வர்க்கமூலம் கண்ணுக்கே தெரியும்.

கடைசியாக ஒன்றை வெட்டுங்கள்

மிச்சமிருக்கும் வேலைக்கு 'இ'-யைப் பலி கொடுக்க வேண்டும், எல்லா அளவும் முடிந்த பிறகு செய்யுங்கள். ஒரு நீளமான ஸ்பிரிங் என்பது சின்ன ஸ்பிரிங்குகளைத் தொடராக மாட்டியதுதானே? அப்படியானால் வெட்டினால் விறைப்பு கூட வேண்டும். பாதியாக வெட்டினால் ஒவ்வொரு பாதியும் இரண்டு மடங்கு விறைப்பு. கேட்டவுடன் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் 'இ'-யில் 60 சுற்றுகள். 20, 40 என்று கட்டிங் பிளேயரால் வெட்டினேன் (கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முனை தெறிக்கும்). வெட்டிய முனையில் ஒரு சுற்றை நிமிர்த்திக் கொக்கியாக்க வேண்டும், அந்தச் சுற்று இனி நீளாது. அதனால் கணக்கில் 19, 39 சுற்றுகள். 25.1 × 60 ÷ 19 = 79, 25.1 × 60 ÷ 39 = 38.6. அளந்தபோது 77-ம் 38-ம் வந்தன. சின்னத் துண்டுக்கு ஒரு கிலோ வரை ஏற்றித்தான் அளக்க முடிந்தது, 500 கிராமில் நீட்சி போதவில்லை. பிறகு இரண்டு துண்டையும் கொக்கியோடு கொக்கி மாட்டித் தொடராக்கினேன். 77 × 38 ÷ 115 = 25.4, அளவிலும் 26-க்குப் பக்கம் வந்தது. வெட்டுவதற்கு முன்பிருந்த 25.1-ஐவிடக் கொஞ்சம் கூடுதல், கொக்கிக்குப் போன இரண்டு சுற்று அங்கே இருக்கிறது.